தமரின் விரிகுடாவில் பகல் தூக்கம்

சிமெண்ட் கம்பெனி தன் டீலர்களுக்குக் கொடுத்த
ஐந்து நாள் மொரீஷியஸில்
மூன்றாம் நாள், காலை ஆறரை.
பதினோரு பேர், ஒரு படகு.
பக்கவாட்டில் நீலப் பெயிண்ட்டில் பிரெஞ்சு எழுத்து.
கூட்டிக் கூட்டிப் படித்தேன்:
மர்தேமூத்தூ.
அட, மருதைமுத்து.

அந்த மருதைமுத்துவிலிருந்து எத்தனையாவது தலைமுறையோ
படகு ஓட்டும் தேவியானி.
தமிழ் அவளுக்குக் காவடி மாதத்தில் மட்டும் வரும்.
மிச்ச நாளெல்லாம் கிரியோல்.
ஏறும்போதே விரல் மடக்கி, உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள்:
துரத்த மாட்டேன்.
குறுக்கே போய் மறிக்க மாட்டேன்.
கிட்டே போனால் எஞ்சின் பேசாது.
யாரும் தண்ணீரில் குதிக்கக் கூடாது.

"அப்புறம் எதுக்குக் காசு?" என்றார்
பெருந்துறை டீலர் சென்னிமலை.
அவருடைய லைஃப் ஜாக்கெட் வாரை
அவள் இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டினாள்.

மலையின் நிழல் தண்ணீரைவிட்டு எழவில்லை.
முன்னால் ஏழெட்டுப் படகுகள்.
ஒரு முதுகுத்துடுப்பு தெரிந்ததும்
நிற்காத டவுன் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடின.
கண்ணாடி மாட்டியவர்கள் தொப் தொப்பென்று விழுந்தார்கள்.
டால்பின்கள் அடியில் போய் வேறெங்கோ எழுந்தன.
படகுகள் திரும்பின.
மறுபடி தொப் தொப்.

தேவியானி எஞ்சினை அணைத்தாள்.
இரண்டு உள்ளங்கையும் சேர்த்துக் கன்னத்தடியில் வைத்து
"ஸோத் பே தோர்மி" என்றாள்.
மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

ராத்திரி முழுக்க வெளிக்கடலில் வேட்டையாம்.
விடிந்ததும் இந்த வெளிர்மணல் தரைக்கு மேலே வந்து
மூளையில் பாதியைத் தூங்கவைத்து
மீதிப் பாதியால் நீந்தி
மூச்செடுத்து
சுறா வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுமாம்.

பாதி மூளை.
எனக்குத் தெரியும் அந்தத் தூக்கம்.

ஈரோட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவு,
பதினாறு வருடம் நைட் டியூட்டி.
எட்டு மணிக்கு வீடு, ஒன்பதுக்குப் படுக்கை.
ஒன்பதே காலுக்கு கேஸ் சிலிண்டர்.
பத்துக்குக் கூரியர்.
பத்தரைக்குப் பழைய பேப்பர்.
பதினொன்றுக்கு போனில் மாமியார்:
"தூங்கறியாம்மா?"
கதவைத் தட்டியவர் யாரும் கெட்டவர் இல்லை.
சும்மா, ஒரு நிமிஷம், பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள்.

சென்னிமலை விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டார்.
"ஒரே ஒரு செல்ஃபி, சிஸ்டர்."
அவர் அப்பாவின் கடைசி வாரத்தில்
சளி உறிஞ்சிய கை என்னுடையது.
"உட்காருங்க" என்றேன், வார்டில் சொல்கிற குரலில்.
உட்கார்ந்தார்.
ஏற்கெனவே உட்கார்ந்திருந்த என் கணவர்
இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தார்.

பிறகு ஒன்றுமில்லை.
இருபது நிமிடம்
தண்ணீர் படகின் வயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தது.
யாரோ முறுக்கை வாயில் ஊறவைத்துத் தின்றார்கள்,
சத்தம் வரக் கூடாதென்று.
மற்ற படகுகள் தெற்கே, லெ மோர்ன் பக்கம் போய்ச் சிறுத்தன.

அருகில் வந்தது, கண்ணோடு கண் பார்த்தது
என்று எழுத ஆசைதான்.
வரவில்லை.
நூறடி தள்ளி ஐந்தாறு முதுகுகள்
ஒன்றாக ஏறி
ஃபூ என்று விட்டு
ஒன்றாக இறங்கின.

குழாயை எடுத்த பிறகு
நோயாளி தானாக விடும் முதல் மூச்சு
அப்படித்தான் கேட்கும்.
கை தானாக வாட்சைத் திருப்பியது,
எண்ணத் தொடங்கினேன்.
நான்காவது மூச்சில் நினைவு வந்தது,
இதை எந்த சார்ட்டிலும் ஏற்ற வேண்டியதில்லை.

கரை திரும்பும்போது சென்னிமலை
வெறும் தண்ணீர் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
"இதோ, இங்க" என்று காட்டிக்கொண்டு வந்தார்.
ஒரு சாம்பல் புள்ளி.
அலையாகவும் இருக்கலாம்.
தேவியானி எட்டிப் பார்த்து
"வி, வி" என்று தலையாட்டினாள்.

ஹோட்டல் அறைக் கைப்பிடியில்
தொந்தரவு செய்யாதே அட்டையை மாட்டிவிட்டுப் படுத்தேன்.
இங்கே ஒன்பதரை.
அங்கே பதினொன்று.

"தூங்கறியாம்மா?"
"பாதிதான் அத்தை. சொல்லுங்க."